ஈரோடு எங்கே போனது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழின் இணையதளத்தை நான் கவனித்துவந்தேன். எந்தெந்த ஊர்களில் முகவர்கள் இருக்கிறார்கள் என்று அதில் ஒரு பக்கம் உண்டு. ஒரு நாள் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பதினைந்து வருடமாக உங்கள் இதழை நான்தான் இங்கே விற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரையே எடுத்துவிட்டீர்களே, நான் ஏதாவது பாக்கி வைத்திருக்கிறேனா?" என்று கேட்டார். அவர் ஈரோட்டுக்காரர். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'கோயம்புத்தூர், திருப்பூர், சேலம், நாமக்கல்' என்று இருந்தது. ஈரோடு இல்லை. அந்த ஊர் இருந்த இடத்தில் ஓர் இடைவெளிகூடத் தெரியவில்லை. தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால் திருப்பூருக்கும் சேலத்துக்கும் நடுவே ஈரோடு சரியாக இருந்தது. உலாவியில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தால் அங்கேயும் இருந்தது. திரைக்கு வரும்போது மட்டும் காணாமல் போனது.

அந்தக் காலத்தில் அந்த இதழின் எழுத்துகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும்: அது, எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோடு அல்ல. ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்தும் குறியும். அதில் மெய்யெழுத்தின் புள்ளி ; என்ற குறியின் இடத்தில் இருக்கிறது. காற்புள்ளி > குறியின் இடத்தில் இருக்கிறது. 'ஈ' என்ற எழுத்து < குறியின் இடத்தில் இருக்கிறது.

'ஈரோடு' என்று எழுதிக் காற்புள்ளி வைத்தால் கணினி பார்ப்பது என்ன? < குறி, நான்கு ஆங்கில எழுத்துகள், > குறி. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இதற்கு ஒரே பொருள்தான்: இது ஒரு கட்டளைக் குறிச்சொல். அப்படியொரு குறிச்சொல்லை உலாவி அறியாது. அறியாத குறிச்சொல்லை அது அமைதியாகக் கடந்துபோகும். பிழை என்று சொல்லாது, எச்சரிக்காது. ஊரையும் காற்புள்ளியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மற்ற ஊர்களுக்குப் பின்னால் வந்த > குறிகளுக்கு முன் < இல்லாததால் அவை தப்பித்தன.

எஸ்கேப் செய்வது என்றால் என்ன என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கும்போது இந்தப் பட்டியலைத்தான் சொல்வேன். நிரலின் தொடக்கப் பாடத்தில் ஒரு அட்டவணையாகப் பார்த்துவிட்டு எல்லோரும் மறந்துபோகிற செய்தி அது. ஆனால் அதன் மறுமுனையில் எப்போதும் ஒரு மனிதரின் பெயரோ ஊரோ இருக்கிறது.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது 'என்று' போட்டு முடிக்கிறோம். 'வருகிறேன் என்று சொன்னான் என்று சொன்னாள்' என்ற வாக்கியத்தில் எந்த 'என்று' யாருடைய பேச்சை மூடுகிறது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. பொருளை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். கணினிக்குப் பொருள் தெரியாது, குறிதான் தெரியும். ஒரு சரம், அதாவது எழுத்துகளின் தொடர், " குறியில் தொடங்கினால் அடுத்த " குறியில் முடிந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். நடுவில் வரும் மேற்கோள் குறி முடிவுக் குறி அல்ல, வெறும் எழுத்துதான் என்று அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதுதான் எஸ்கேப். அந்த அடையாளத்தை நீக்கி உண்மையான எழுத்தைத் திரும்ப எடுப்பது அன்எஸ்கேப்.

பெரும்பாலான மொழிகளில் அந்த அடையாளம் \ என்ற பின்சாய்கோடு. அது இந்த வேலைக்காகப் பிறந்த குறி அல்ல. 1961இல் பாப் பீமர் என்ற அமெரிக்கக் கணினியாளர் அதை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்குமான ஆஸ்கி தொகுப்பில் சேர்க்கச் செய்தார். அல்கால் என்ற நிரல் மொழியின் தர்க்கக் குறிகளை /\ என்றும் \/ என்றும் இரண்டு சாய்கோடுகளால் எழுதலாம் என்பது அவர் எண்ணம். சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் * குறிதான் எஸ்கேப்புக்கு இருந்தது. சி மொழி \ குறியை எடுத்துக்கொண்டது. அதன் வழிவந்த மொழிகளும் அதையே பின்பற்றின. தரவுத்தளங்களோடு பேசப் பயன்படும் எஸ்கியூஎல் மொழி வேறு வழியில் போனது: அங்கே ஒற்றை மேற்கோள் குறியை இரண்டு முறை எழுதினால் ஒன்று என்று பொருள். எச்டிஎம்எல்லில் & குறியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் ஒரு சிறு பெயர். இணைய முகவரியில் % குறியும் அதன்பின் இரண்டு பதினாறடிமான இலக்கங்களும். ஆளுக்கொரு வழக்கம். ஓர் இடத்தின் எஸ்கேப் இன்னோர் இடத்தில் வெறும் குப்பை.

இதை நாங்கள் புரிந்துகொண்டது அதே ஈரோட்டால்தான். முதலில் அலுவலகத்தில் ஒருவர் < குறிக்குப் பின் ஓர் இடைவெளி போட்டார். ஊர் திரும்ப வந்தது, 'ஈ ரோடு' என்று. அது சரியில்லை என்று இன்னொருவர் தரவுத்தளத்துக்குள்ளேயே புகுந்து எல்லா < குறிகளையும் எச்டிஎம்எல் வடிவத்துக்கு மாற்றி வைத்துவிட்டார். & குறி, அதன்பின் எல், டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், பின் ஓர் அரைப்புள்ளி. இணையப் பக்கம் அழகாகச் சரியாகிவிட்டது. அடுத்த மாத இதழுக்கு முகவரிச் சீட்டு அச்சிட்டபோது அச்சு நிரல் அந்தத் தரவை நேராக எடுத்துப் பாமினியில் அச்சடித்தது. பாமினியில் 'எல்' விசை ட, 'டி' விசை வ, அரைப்புள்ளி புள்ளி. முன்னால் பொருந்தாத ஓர் எழுத்தும் தொடர்ந்து 'டவ்ரோடு' என்றும் அச்சாகி, கட்டுகளில் ஒட்டப்பட்டு, தபாலுக்கும் போய்விட்டது.

தவறு மாற்றியதில் இல்லை. மாற்றிய இடத்தில் இருந்தது. தரவுத்தளத்தில் இருக்க வேண்டியது ஊரின் பெயர், அது எப்படி எழுதப்பட்டதோ அப்படியே. இணையப் பக்கத்துக்குப் போகும்போது எச்டிஎம்எல்லுக்கான எஸ்கேப். அச்சுக்குப் போகும்போது அது வேண்டாம். காற்புள்ளியால் பிரித்த பட்டியலான சிஎஸ்வி கோப்புக்குப் போகும்போது அதற்குரிய மேற்கோள் முறை. எந்த வாசல் வழியாக வெளியே போகிறதோ அந்த வாசலில்தான் செய்ய வேண்டும், ஒரே ஒரு முறை. என் வேலையில் நான் பிடிவாதமாக இருக்கும் சில விஷயங்களில் இது ஒன்று.

உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் எஸ்கேப் செய்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியே ஒரு காலத்தில் அப்படி நினைத்தது. 'மேஜிக் கோட்ஸ்' என்ற ஏற்பாடு படிவத்தில் வருகிற ஒவ்வொரு மேற்கோள் குறிக்கு முன்னும் தானாகவே \ போட்டுவிடும். டி'சூசா என்ற பெயர் டி\'சூசா ஆகிவிடும். அவர் தன் விவரத்தைத் திருத்தி மறுபடி சேமித்தால் டி\\\'சூசா. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் சாய்கோடுகள் பெருகிக்கொண்டே போகும். நானே அப்படிப் பல பெயர்களைத் தரவுத்தளங்களில் பார்த்திருக்கிறேன். 2012இல் வெளிவந்த பிஎச்பி 5.4 பதிப்பில் அந்த ஏற்பாட்டை முழுவதுமாக நீக்கினார்கள். ஆனால் அதன் காலத்தில் சேர்ந்த தரவுகளை யாரும் நீக்கவில்லை.

டி'சூசா என்ற பெயரை எஸ்கேப் செய்யாமல் எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டினால் என்ன ஆகும்? 'டி' என்பதோடு சரம் முடிந்துவிடும். 'சூசா' கட்டளையின் பகுதியாகிவிடும். பெயர் நல்லவருடையது என்றால் பிழைச்செய்தி வரும். மேற்கோள் குறிக்குப் பின்னால் வருவதைத் திட்டமிட்டு எழுதுகிறவர் கையில் கிடைத்தால் தரவுத்தளம் அவர் சொல்வதைச் செய்யும். இந்த ஓட்டையை 1998 டிசம்பரில் ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் ஹேக்கர்களின் இணைய இதழான ஃபிராக்கில் விளக்கி எழுதினார். அதற்கு ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இதே வழியில் நுழைந்தவர்கள் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்தார்கள். அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. பதினேழு ஆண்டுகள் ஊரறிந்த ஓட்டை அது.

எஸ்கியூஎல்லைப் பொறுத்தவரை என் அறிவுரை கையால் எஸ்கேப் செய்யாதீர்கள் என்பதுதான். கட்டளையைத் தனியாகவும் தரவைத் தனியாகவும் அனுப்பும் வசதி ஏறக்குறைய எல்லாத் தரவுத்தளங்களிலும் இருக்கிறது. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்பார்கள். அங்கே பெயர் கட்டளைக்குள் கலப்பதே இல்லை. கலக்காத இடத்தில் எஸ்கேப்புக்கு வேலை இல்லை.

ஆபத்தான எழுத்துகளை நீக்கிவிட்டால் போதுமே என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். 2005இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் அதைத்தான் செய்தது: சில சொற்களையும், எஸ்கேப் செய்த மேற்கோள் குறிகளையும் வடிகட்டி எறிந்தது. சாமி காம்கார் என்ற இளைஞர் மேற்கோள் குறியை நேராக எழுதாமல், 34 என்ற அதன் எண்ணைக் கொடுத்து நிரலையே உருவாக்கிக்கொள்ள வைத்தார். தடைசெய்த சொல்லை நடுவில் வரி உடைத்து எழுதினார். உலாவி அதைச் சேர்த்துப் படித்துக்கொண்டது. இருபது மணி நேரத்துக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பக்கங்களுக்கு அவர் எழுதிய நிரல் பரவியது. வடிகட்டுவதால் வரும் இன்னொரு கேடு, நேர்மையானவரின் எழுத்தும் போய்விடும் என்பது. டி'சூசாவை 'டிசூசா' ஆக்குவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கையால் செய்தே தீர வேண்டும் என்கிறவர்கள் வரிசையையாவது கவனியுங்கள். ஒரு முறை ஓர் இளம் சக ஊழியரின் நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வரியில் " குறியை \" என்று மாற்றியிருந்தார். இரண்டாம் வரியில் \ குறியை \\ என்று மாற்றியிருந்தார். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு " குறியை அதற்குள் விட்டுப் பாருங்கள். முதல் வரியைத் தாண்டியதும் \" ஆகிறது. இரண்டாம் வரி, முதல் வரி போட்ட சாய்கோட்டையும் தரவு என்று எண்ணி இரட்டிப்பாக்குகிறது: \\" ஆகிறது. இதைப் படிக்கும் நிரல் \\ என்பதை ஒரு சாய்கோடாக எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய " குறி காவல் இல்லாமல் நின்று சரத்தை முடித்துவிடுகிறது. இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். எஸ்கேப் குறியைத்தான் முதலில் எஸ்கேப் செய்ய வேண்டும். எச்டிஎம்எல்லில் & குறிக்கும் இதே விதி.

திரும்ப எடுக்கும்போது வரிசை மாற்றிக்கூடத் தப்பிக்க முடியாது. விண்டோஸ் பாதை ஒன்றில் 'நியூ' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறை இருக்கிறது என்று வையுங்கள். எஸ்கேப் செய்த வடிவத்தில் இரண்டு சாய்கோடுகளும் அதை ஒட்டி 'என்' என்ற எழுத்தும் வரும். 'சாய்கோடும் என்னும் சேர்ந்தால் புது வரி' என்ற மாற்றத்தை முதலில் செய்தால், இரண்டாவது சாய்கோடும் 'என்'னும் சேர்ந்து புது வரியாகி, கோப்புறையின் பெயர் உடைந்துவிடும். இரட்டைச் சாய்கோட்டை முதலில் மாற்றினால், மிஞ்சிய ஒற்றைச் சாய்கோடு அடுத்த மாற்றத்தில் 'என்'னோடு சேர்ந்து அதே கதிதான். அன்எஸ்கேப் என்பது இடமிருந்து வலமாக ஒரே நடையில் செய்ய வேண்டிய வேலை. மாற்றுக் கட்டளைகளை அடுக்கிச் செய்ய முடியாது. உங்கள் மொழியின் நூலகத்தில் இதற்கென்று எழுதி, பல்லாயிரம் பேர் பயன்படுத்திய செயற்கூறு இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு, நிரல்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறப் பயன்படுத்தும் ஜேசன் வடிவத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜேசன் விதிப்படி கட்டாயம் எஸ்கேப் செய்ய வேண்டியவை " குறி, \ குறி, கட்டுப்பாட்டு எழுத்துகள் மட்டும்தான். தமிழ் எழுத்துகளுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் பைதான், பிஎச்பி ஆகிய இரண்டு மொழிகளின் இயல்பான ஏற்பாடு ஆஸ்கிக்கு வெளியே உள்ள ஒவ்வொன்றையும் எஸ்கேப் செய்துவிடுகிறது. 'தமிழ்' என்ற சொல் யுனிகோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் ஆறு எழுத்தாகி மொத்தம் முப்பது ஆகிறது. இணைய முகவரியில் போனால் நாற்பத்தைந்து. முப்பது எழுத்துக்கு என்று ஒதுக்கிய புலத்தில் அந்த ஒரு சொல்தான் கொள்ளும். 'தமிழ்ச்செல்வி' என்றால் நடுவில் வெட்டுப்படும். அதுவும் ஓர் எழுத்தின் எஸ்கேப்புக்கு உள்ளேயே வெட்டுப்பட்டால் அந்த ஜேசனையே படிக்க முடியாது. பதிவேட்டில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காததற்கும் பல நேரம் இதுதான் காரணம். பைதானில் 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்ற தேர்வை அணைத்துவிட்டு, கோப்பை யுனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் எழுதினால் தமிழ் தமிழாகவே நிற்கும்.

சாய்கோடும் எண்களுமாக நிறைந்த ஒரு வரியைப் பார்த்ததும் தரவு கெட்டுவிட்டது என்று பதறி அழிக்காதீர்கள். அது பத்திரமாக மடித்து வைத்த தமிழ்தான். ஒரு முறை விரித்தால் முழுதாக வரும். விரித்த பிறகும் சாய்கோடுகள் தெரிந்தால் யாரோ இரண்டு முறை மடித்திருக்கிறார்கள். இன்னொரு முறை விரித்து ஆறுதல் அடைவதை விட்டுவிட்டு, அந்த இரண்டாவது மடிப்பு எந்த நிரலில் விழுந்தது என்று தேடிப் போங்கள்.

புதிய படிவம் ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தால் நான் பெயர்ப் பெட்டியில் இடும் சரம் இது: டி'சூசா & "ஈரோடு" <சேலம்> \ 50%. சேமிக்கிறேன். மறுபடி திறந்து, எதையும் மாற்றாமல் சேமிக்கிறேன். பிறகு அந்தப் பெயர் போகிற ஒவ்வோர் இடத்துக்கும் போய்ப் பார்க்கிறேன்: திரை, மின்னஞ்சல், சிஎஸ்வி கோப்பு, அச்சிட்ட ரசீது. கடைசியில் பெட்டியில் இட்டதையும் காகிதத்தில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறேன். அந்த ஈரோட்டுப் பெரியவருக்கு அன்று நான் செய்த திருத்தத்தையும் இப்படித்தான் சரிபார்த்தேன். அடுத்த மாதக் கட்டில் ஒட்டிய சீட்டைப் படித்துக்காட்டத் தொலைபேசியில் அழைத்தேன். முழுதாகக் கேட்டுவிட்டு, பின்கோடையும் ஒரு முறை சொல்லச் சொன்னார்.