ஈரமண்ணில் நிற்கும் ஜெனரேட்டர் வண்டி

கோவையில் மரப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவன் என்பதால், பூங்காவில் படப்பிடிப்பு என்றதும் நான் முதலில் பார்ப்பது ஜெனரேட்டர் வண்டி எங்கே நிற்கிறது என்பதைத்தான். கோபிசெட்டிபாளையமும் பொள்ளாச்சியும் திரைப்படக்காரர்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய ஊர்கள். இப்போது கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகளும் குறும்படங்களும் சேர்ந்துகொண்டதால், நகரப் பூங்காக்களிலும் விடுமுறை நாட்களில் கேமரா ஓய்வதில்லை. ஓர் இடம் அழகாக இருந்தால் படமெடுக்க வரத்தான் செய்வார்கள். அதில் எனக்குக் குறையேதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்ட மறுநாள், ஒரு பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தடியில் அப்படியொரு வண்டி இரண்டு நாட்கள் நின்றது. நிழலாக இருக்கிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று காவலாளியே காட்டிய இடம் அது. ஈரம் காய்ந்தபின் சக்கரத் தடத்தில் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தேன். இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. நான்கடி தள்ளிக் குத்தியபோது அதே கம்பி ஒரு முழம் இறங்கியது. மூன்றாம் ஆண்டுக் கோடையில் அந்தப் பக்கத்துக் கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கியதும், பூச்சி விழுந்துவிட்டது என்று என்னிடம் மருந்து கேட்டார்கள்.

மரத்துக்கு நீரும் சத்தும் எடுத்துத் தரும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. ஈரமண்ணின்மீது பாரம் ஏறினால் மண்துகள்களுக்கு இடையிலுள்ள துளைகள் நசுங்கி, காற்றும் நீரும் உள்ளே போக வழியற்று, வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. பதம் வராத நிலத்தில் ஏர் பூட்டக் கூடாது என்பது நம் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோருக்கும் தெரியும். பூங்கா என்று வந்துவிட்டால் மட்டும் அதே மண்ணைத் தரை என்றுதான் நினைக்கிறோம்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர் பரப்புள்ளது. உலகிலேயே அதிகமாகப் படம்பிடிக்கப்பட்ட பூங்காக்களுள் ஒன்று. அங்கு நனைந்த புல்வெளிக்குள் பொதுமக்களையே நடக்க விடுவதில்லை. அப்படியிருந்தும் 2023 செப்டம்பரில் கனமழைக்கிடையே நடந்த ஓர் இசை விழாவில் கூட்டமும் கனரக வண்டிகளும் மிதித்ததால், அதன் பெரும்புல்வெளியில் மூன்றில் ஒரு பங்கு நாசமாகி, 2024 ஏப்ரல் வரை அதை மூடிவைக்க நேர்ந்தது. புல்லை மறுபடி விதைத்து மீட்டுவிடலாம். ஐம்பது வயது மரத்துக்கு அந்த வழி கிடையாது.

நம் ஊர் அனுமதிக் கடிதங்களில் கட்டணமும் நேரமும் தெளிவாக இருக்கும். வண்டி நிற்க வேண்டிய இடத்தை எழுதியிருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். விளக்குக் கட்ட ஆணி அடிப்பதையும், கயிற்றுக்கடியில் சாக்கு வைக்காமல் இறுக்குவதையும் அதே கடிதத்திலேயே தடுத்துவிடலாம்.

சென்ற மாதம் ஒரு படப்பிடிப்புக் குழுவின் லைட்மேன், "வேர் எது வரைக்கும் போயிருக்குங்க?" என்று கேட்டார். கிளை நிழலின் விளிம்பைக் காட்டி, அதற்கும் அப்பால் பத்தடி என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இன்னும் இரண்டு சுருள் கேபிளை இறக்கச் சொல்லிவிட்டு, வண்டியைத் தார்ச்சாலைக்குத் திருப்பினார்.