தலைக்கு இவ்வளவு கடன் என்று கேட்டதும் டெபாசிட்டை உடைக்காதீர்கள்

போன வாரம் பென்னாகரம் பக்கமிருந்து ஒரு பெரியவர் தருமபுரியில் என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வூதியக்காரர். மஞ்சப்பையிலிருந்து வங்கிச் சீட்டை எடுத்து நீட்டினார். ஐந்து வருட டெபாசிட்டை மூன்றாம் வருடமே முடித்திருக்கிறார், வட்டியில் பிடித்தம் வேறு. ஏன் ஐயா என்று கேட்டேன். “கவர்மென்ட்டு கடன்ல மூழ்கிடுச்சாம் சார். குடும்பத்துக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேலயாம். பேங்க்ல இருக்கறத எடுத்துக்குவாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு” என்றார். எடுத்த பணத்தை மாதம் நூற்றுக்கு மூன்று தருகிறேன் என்ற ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. இப்படி வருபவர் இவர் முதல் ஆள் இல்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த எண் பொய்யில்லை. 2021 ஆகஸ்டில் அப்போதைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று இருந்தது. மாநிலத்தின் மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது. உங்கள் பெயரில் எழுதிய பத்திரம் அல்ல. அதைக் கேட்டு யாரும் உங்கள் வாசலுக்கு வர மாட்டார்கள். நீங்களும் நானும் சம்பாத்தியம் நிற்பதற்குள் கடனை அடைத்தாக வேண்டும். அரசுக்கு ஓய்வு வயது இல்லை. பழைய கடன் பத்திரம் முதிர்ந்தால் புதியதை விற்று அடைக்கும், உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. பார்க்க வேண்டியது வருமானமும் மாநிலத்தின் உற்பத்தியும் வட்டிக்கு ஈடுகொடுத்து வளர்கின்றனவா என்பதை. 2025-26 பட்ஜெட்டில் தமிழகத்தின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டுகிறது, உற்பத்தி மதிப்பில் அது சுமார் 26 சதவீதம். முதல் எண்ணை மட்டும் பரப்புகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதே இல்லை.

வங்கிப் பணத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் 2017-ல் வந்த ஒரு மசோதாவின் மிச்சம். நொடிந்த வங்கியைத் தூக்கி நிறுத்த டெபாசிட்காரர் பணத்திலும் கை வைப்பார்கள் என்று அப்போது பேச்சு எழுந்தது. அந்த மசோதாவை 2018-லேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கடன் வாங்கலாம் என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. கொரோனா வந்த 2020-21-ல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவுக்கு மேல் செலவழிக்கக் கடன் வாங்கும் தொகை, நாட்டின் உற்பத்தி மதிப்பில் 9.2 சதவீதத்துக்குப் போனது. அன்று அது தேவைதான். அரசு உத்தரவாதத்தோடு வந்த அவசரக் கடன் இல்லாவிட்டால் ஓசூர் பட்டறைகளும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளும் எத்தனை மூடியிருக்குமோ, அந்தக் கணக்குகளைப் பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் தொழில் எழுந்தபின் பற்றாக்குறை இறங்கியே ஆக வேண்டும். 2025-26-க்கு 4.4 என்று இலக்கு வைத்தார்கள், சரி. அப்போதும் மத்திய பட்ஜெட்டில் ரூபாய்க்கு 20 பைசா வட்டிக்கே போகிறது. மாநில அரசுக்கு நோட்டு அடிக்கும் வழியும் கிடையாது.

எதற்கு வாங்கினார்கள் என்று கேளுங்கள். 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்தது. ஃப்ளோரைடு தண்ணீரில் பல் கறைபடிந்த பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் தருவதற்கு வாங்கிய கடனை நான் குறை சொல்ல மாட்டேன். அதே மாநில பட்ஜெட்டில் 2025-26-க்கு வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் சுமார் 41,600 கோடி. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று அர்த்தம். என் கவலை அங்கேதான்.

அரசுக் கடன் செய்தி எதைக் கேட்டும் டெபாசிட்டில் கை வைக்காதீர்கள். அவசரமாகப் பணம் வேண்டுமென்றால் டெபாசிட் மேலேயே வங்கியில் கடன் தருவார்கள், அதைக் கேளுங்கள். எழுத்தில் இல்லாத வட்டிக்கு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

இன்னொன்று. 2021-ல் 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடியானது போல அடுத்த தேர்தலுக்கும் ஆகும் என்று கூட்டுறவுச் சங்கத் தவணையை நிறுத்தி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கட்டிவிடுங்கள். உரிய தேதியில் கட்டினால்தான் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. தேதி தாண்டினால் வட்டி ஏறும், அடுத்த போகத்துக்குக் கடன் கேட்டுப் போனால் சங்கத்தில் பழைய பாக்கியைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்.