நிலக்கடலை எந்தப் பக்கம், டீச்சர்?

2020 ஜூன் மாதம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் எட்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது, எடுத்தது வாட்ஸ்அப்பில். 1ஆம் தேதி கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கானவையும் பின்னால் வந்தன. ஆனால் பாதி வீட்டில் ஒரே ஃபோன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகுதான் வீடு திரும்பும். அதனால் என் வகுப்பு இரவு எட்டு மணிக்கு.

வீடியோ அனுப்பினால் டேட்டா தீர்ந்துவிடும். சரி, அடுக்களையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்று பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் ஊறவைத்து, ஈர மண்ணில் போட்டு, தினமும் ஒரு படம் அனுப்பச் சொன்னேன். பச்சைப்பயறில் விதையிலை இரண்டும், அதாவது பருப்பின் இரு பாதியும், மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். கொண்டைக்கடலையில் அவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், குருத்து மட்டும் எழும். தரைமேல் முளைத்தல், தரைகீழ் முளைத்தல் என்று வாய்ஸ் நோட்டில் விளக்கி முடித்தேன். ஒரு பையனிடமிருந்து பதில்: “டீச்சர், நெலக்கடலை இதுல எந்தப் பக்கமுங்க?”

கேரளத்தில் நிலக்கடலை விளைகிற மண் எங்கள் சித்தூர் தாலுகா. அவன் வீட்டிலேயே கடலைக் காடு. நான் யோசிக்காமல் “தரைமேல்” என்று போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவன் ஒரு படம் அனுப்பினான். முளைத்த கடலைச் செடி, பக்கத்தில் அளவுக்கு ஒரு தீக்குச்சி. தடித்த விதையிலைகள் மண் மட்டத்தில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கின்றன. மேலேயும் வரவில்லை, கீழேயும் இல்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். நிலக்கடலை இரண்டுக்கும் இடைப்பட்டது. விதையிலைக்குக் கீழே உள்ள தண்டு மண்பரப்பு வரைக்கும் விதையைத் தூக்கிவந்து, வெளிச்சம் பட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. எவ்வளவு ஆழத்தில் விதைத்தோம் என்பதைப் பொறுத்து உட்காரும் இடமும் கொஞ்சம் மாறும்.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் அடுத்த கிளஸ்டர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைப் போட்டேன். ஐந்து பேரில் மூன்று விதமான பதில் வந்தது. ஐந்து பேரும் பட்டம் வாங்கியவர்கள், இரண்டு பேர் விவசாயக் குடும்பம். அன்றைய பயிற்சி நிரலில் இருந்தது என்ன தெரியுமா? கூகுள் ஃபார்மில் வினாத்தாள் செய்வது எப்படி.

கூகுள் ஃபார்ம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். புதிய கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பணிவளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த நேரம் எப்படி நிரம்புகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நானும் பயிற்சி வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, சாம்பார் தாளித்திருக்கிறேன். கடைசியில் கேட்ட கேள்விகளுக்குச் சரியாக விடை தட்டிச் சான்றிதழும் வாங்கினேன். அதில் எதுவும் என்னை அந்தப் பையனின் கேள்விக்குத் தயார்படுத்தவில்லை.

எல்லைப்பக்கம் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பயிற்சி மலையாளத்தில் நடக்கும், வகுப்பு தமிழில். ‘கோசம்’ என்றால் செல், ‘ஹரிதகம்’ என்றால் பச்சையம், ‘விருக்க’ என்றால் சிறுநீரகம். இவையெல்லாம் வேற்றுச் சொற்கள் என்று தெரிவதால் நின்று மாற்றிக்கொள்கிறோம். ஏமாற்றுவது ‘நாடி’. மலையாளத்தில் அது நரம்பு, தமிழில் துடிப்பு. பயிற்சிக் குறிப்பை அப்படியே எழுதிக்கொண்டு போய் நான் ‘நாடிச் செல்’ என்று சொல்ல, ஒரு பெண் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு “இங்கயா இருக்கு டீச்சர்?” என்றாள். தமிழ் வழி ஆசிரியர்கள் கிளஸ்டருக்குப் போகும் முன் அந்தப் பாடத்தின் கலைச்சொற்களை மலையாளம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கமாக எழுதி எடுத்துப்போங்கள். அரை மணி நேர வேலைதான்.

இதை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காக. இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை வீடியோ எடுத்து குழுவில் போட்டிருந்தேன். இலையை ஸ்பிரிட்டில் கொதிக்கவைத்துப் பச்சையத்தை நீக்கி, அயோடின் சொட்டு விடுவது. மறுநாள் ஒரு அம்மா கூப்பிட்டார். “டீச்சருங்களா, பையன் கிண்ணத்துல சானிடைசர ஊத்தி கேஸ் அடுப்புல வெச்சுட்டானுங்க.” நல்லவேளை, பற்றிக்கொள்ளும் முன் அவர் பார்த்துவிட்டார். தப்பு என்னுடையது. ‘நீங்கள் செய்யாதீர்கள்’ என்று நான் சொல்லவே இல்லை. ஸ்பிரிட்டிலும் சானிடைசரிலும் இருக்கிற ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, அடுப்பைச் சுற்றிக் கீழேயே படரும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆய்வகத்தில் நாம் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் குழாயை வைத்து, தீயை அணைத்துவிட்டுச் செய்கிறோம். அந்தப் பழக்கத்தின் காரணம் எட்டு நிமிட வீடியோவில் தெரிவதில்லை. தீ, ஸ்பிரிட், ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, பிளேடு, இந்த நான்கில் ஏதாவது ஒன்று வேண்டிய சோதனையைக்கூட வீட்டுக்கு அனுப்பவே கூடாது. அதற்கு ஓலேப்ஸ் இருக்கிறது. அமிர்தா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து செய்த இணைய ஆய்வகம். அங்கே செய்து காட்டுங்கள், போதும்.

வீட்டுக்கு அனுப்பக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. ஃபோனை மேசையில் வைத்து, கேமரா லென்ஸ் மேல் ஒரே ஒரு துளி தண்ணீர் விட்டு, அதற்கு மேலே இலையைப் பிடித்தால் நரம்புகள் பெரிதாகத் தெரியும். பழைய ஃபோன் என்றால் தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கும். பள்ளிக்கு இரண்டு மூன்று வாங்கிவைத்தால் வீடு வீடாகச் சுற்றவிடலாம்.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறு பேர், இந்தப் பக்கம் நாலு, பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு, கூகுள் மீட்டில் 45 நிமிடம் கூடுகிறோம். ஒருவர் ஒரு மாணவரின் விடைத்தாளையோ படத்தையோ காட்டுவார், பேர் மறைத்து. அதைப் பற்றி மட்டும்தான் பேச்சு. போன வாரம் ஒரு வெங்காயத் தோல் படம். ‘நான் நுண்ணோக்கியில் பார்த்தது’ என்று தலைப்பு. செங்கல் அடுக்கினாற்போல் செல்கள், உட்கருவும் சரியாக, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை நிறத்தில் அழகாகப் பசுங்கணிகங்கள், அதாவது பச்சையம் இருக்கும் நுண்ணுறுப்புகள்.

வெங்காயத்தின் உள்தோலில் பசுங்கணிகம் கிடையாது. பிள்ளை பார்த்தது பாதி, புத்தகத்துத் தாவரச் செல் படத்திலிருந்து எடுத்தது பாதி. நாலு பேர் முழு மதிப்பெண் போடலாம் என்றார்கள். நானும் பொள்ளாச்சி சாரும் மாட்டோம் என்றோம். “மறுபடியும் பார்க்கச் சொல்லாம எப்படிக் குறைப்பீங்க?” என்று ஒருவர் கேட்டார். 45 நிமிடம் ஒன்றேகால் மணி நேரமாகியும் முடியவில்லை. இந்தச் சனிக்கிழமையும் அதே படம்தான்.