தெரிந்த சொல்தான் காலை வாரும்

சென்ற மாதம் லேத் பட்டறைக்காரர் ஒருவர் வக்கீல் நோட்டீஸோடும் லீஸ் பத்திரத்தின் ஜெராக்ஸோடும் வந்தார். ஊருக்கு வெளியே ரோட்டோரக் கட்டடம், ஐந்து வருட லீஸ், முறையாகப் பதிவு செய்தது. தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை நின்றால் 'திஸ் லீஸ் ஷல் ஸ்டாண்ட் டிடர்மின்ட்' என்று நடுவில் ஒரு வரி. அந்தக் கடைசிச் சொல்லுக்கு மேலே பென்சிலில் 'உறுதி' என்று எழுதியிருந்தது. காலேஜில் படிக்கும் மகளின் கையெழுத்தாம். போனில் தேடி அர்த்தம் சொல்லியிருக்கிறாள். லீஸ் உறுதியாகத்தானே இருக்கிறது என்று இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தப் பெண்மீது தப்பில்லை, இன்றைய ஆங்கிலத்தில் அர்த்தம் அதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'டெர்மினஸ்' ஒளிந்திருக்கிறது. லத்தீனில் எல்லை, முடிவு. பழைய சட்ட ஆங்கிலத்தில் லீஸ் 'டிடர்மின்' ஆகிறது என்றால் முடிந்துபோகிறது என்று பொருள். குத்தகை எப்படியெல்லாம் முடியும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவு சொல்வதும் இதே சொல்லை வைத்துத்தான். அங்கே முதல் வழி 'எஃப்ளக்ஸ் ஆஃப் டைம்', அதாவது குறித்த காலம் கழிந்துபோவது. எஃப்ளக்ஸ் என்று பார்த்தால் யாரும் உடனே என்னவென்று கேட்டுவிடுவார்கள். 'டிடர்மின்' தெரிந்த முகம், யார் கேட்கப்போகிறார்கள்?

'டிமைஸ்' இன்னொரு வில்லங்கம். 'தி லெஸ்ஸர் ஹியர்பை டிமைஸஸ்' என்று படித்துவிட்டு, "ஓனர் செத்தால்தான் கடை எனக்கா சார்?" என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஓனர் குத்தகைக்கு விடுகிறார் என்பதுதான் அதன் பொருள். சொத்துரிமையைக் கைமாற்றுவதே அந்தச் சொல்லின் பழைய வேலை. ராஜா இறந்தால் கிரீடம் கைமாறும், அந்த வழியாகத்தான் சாவு என்ற அர்த்தம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பவர் பத்திரங்களின் தலைப்பில் வரும் 'தீஸ் பிரசன்ட்ஸ்' பரிசுப் பொருள் இல்லை, இந்தப் பத்திரம். 'கன்சிடரேஷன்' பரிசீலனை இல்லை, கைமாறாகத் தரும் பணமோ வேறொன்றோ. 'எக்ஸிக்யூட்' என்றால் பத்திரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

உண்மையிலேயே விநோதமான சொற்களால் பெரிய ஆபத்து இல்லை. இரு தரப்பு ஒப்பந்தப் பத்திரத்தைக் குறிக்கும் 'இன்டென்ச்சர்' எனக்குப் பிடித்த சொல்கூட. ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் அசல். பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இப்போது ஸ்டாம்ப் பேப்பர் நாலு பக்கமும் நேராகத்தான் இருக்கிறது, பெயர் மட்டும் போகவில்லை.

இங்கிலாந்திலேயே 1999இல் சிவில் வழக்குகளில் வழக்குப் போடுபவரைக் குறிக்கும் 'பிளெயின்டிஃப்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கிளெய்மன்ட்' என்று மாற்றிவிட்டார்கள். நாம் இன்னும் 'பிளெய்ன்ட்', அதாவது வழக்கு மனு, தாக்கல் செய்கிறோம். கோர்ட்டுகள் பொருள் தீர்த்துவைத்த சொற்கள், மாற்றினால் சிக்கல் வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பாதி நிஜம். மீதி, கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய ஃபார்மில் பெயரை மட்டும் மாற்றும் சோம்பல். 'டிடர்மின்' இருக்கும் இடத்தில் 'டெர்மினேட்' என்று எழுதினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தமிழ்ப் பத்திரங்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை, 'ஷெ' (மேற்படி) சொத்தும் 'சுவாதீனமும்' (அனுபவத்தில் இருப்பது) அங்கே இன்னும் குடியிருக்கின்றன.

எனவே டிராஃப்ட் வந்ததும் புரியாத சொல்லை மட்டும் கோடு போட்டு வைக்காதீர்கள். புரிந்த சொல் பொருந்தாத இடத்தில் உட்கார்ந்திருந்தால் அதற்கும் கோடு போடுங்கள். எழுதியவரிடம், "எது எது நடந்தால் நான் காலி செய்யணும்? தமிழில் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

பட்டறைக்காரருக்கு வழி இருக்கிறது. வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், பாக்கியை வட்டியோடும் வழக்குச் செலவோடும் கட்டினால் கோர்ட் விரும்பினால் லீஸைக் காப்பாற்றிக் கொடுக்கலாம் என்கிறது அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 114ஆம் பிரிவு. அதற்கு முன் சமாதானமாகப் போகலாம் என்று பதில் நோட்டீஸ் தயார் செய்தேன். படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். முதல் வரியிலேயே விரலை வைத்து நிறுத்தினார்.

"சார், இந்த 'வித்தவுட் பிரெஜுடிஸ்'னா என்ன?"