ஹைப்போரீயிக்: தமிழில் எப்படிச் சொல்வது?

கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் முழங்கை ஆழம் தோண்டினால் நீர் ஊறும். அது தேங்கிய நீர் அல்ல. மணலுக்குள்ளேயே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். ஆற்று நீரும் நிலத்தடி நீரும் கலக்கும் இந்தப் படுகைப் பகுதிக்கு அறிவியலில் 'ஹைப்போரீயிக்' பகுதி என்று பெயர்.

ருமேனிய உயிரியலாளர் ட்ராயான் ஓர்கிடான் 1950களில் இச்சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் 'ஹைப்போ' என்றால் கீழ். 'ரெயோஸ்' என்றால் ஓட்டம். அவருக்கு அது சரளை இடுக்கில் சிற்றுயிர்கள் வாழும் இடம். நீரியலாருக்கோ ஆறும் நிலத்தடி நீரும் கொடுத்து வாங்கும் இடம். வேதியியலாருக்கு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கும் இடம். மூவரும் சேர்ந்து அளந்தால்தான் படம் முழுமையாகும். அமெரிக்காவின் மொன்டானாவில், ஃபிளாட்ஹெட் ஆற்றிலிருந்து 2 கி.மீ. தொலைவு வரை இருந்த கிணறுகளில் ஸ்டோன்ஃபிளை என்னும் ஆற்றுப் பூச்சியின் இளம்பருவ உயிர்கள் கிடைத்ததை 1988இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆறு கரைக்கு அப்பாலும் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்குப் பூச்சியே சாட்சி!

அளப்பதற்கு, அடிமுனையில் துளையிட்ட குழாயைப் படுகைக்குள் 30 முதல் 50 செ.மீ. வரை அடித்து இறக்கி, உள்ளே நீர்மட்டம் நிலைக்கும் வரை விடவேண்டும். உள்மட்டம் ஆற்றுமட்டத்தைவிட உயர்ந்திருந்தால் அடிநீர் மேலேறுகிறது. தாழ்ந்திருந்தால் ஆற்று நீர் கீழிறங்குகிறது. மாதிரியை வேகமாக உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி ஆற்று நீர் வழிந்து வந்து கலந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத படுகையிலும் இருப்பதாக மீட்டர் காட்டும். எவ்வளவு ஆற்று நீர் கலந்திருக்கிறது என்பதை அறிய, மேலே உப்புக் கரைசலைச் சீராக விட்டுப் படுகை நீரில் குளோரைடு ஏறுவதைக் கணக்கிடுவார்கள்.

நுண்வண்டல் மணல் இடுக்குகளை அடைத்துவிட்டால் ஆக்சிஜன் உள்ளே இறங்காது. படுகை கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மணலையே அள்ளிவிட்டாலோ இந்தக் கலப்பு நடக்க இடமே மிஞ்சாது.

தமிழில் இதை 'நிலத்தடி நீர்ப் பகுதி' என்பது பிழை. அது பாதி உண்மைதான். 'அடியோட்டம்' என்பது இலக்கியப் பேச்சில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. ஓட்டத்துக்கு 'ஆற்றடி ஓட்டம்', பகுதிக்கு 'ஊற்றுப்படுகை' என்பதே எங்கள் பரிந்துரை. ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மலைப்பாறையில் கசியும் ஊற்றோடு மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே வருவது நிலத்தடி நீர் மட்டுமே, ஆற்று நீர் அதில் கலப்பதில்லை.