கதிர்வீச்சு பட்ட எலியைக் கொல்லும் கிருமி எது?

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோனோடு கொஞ்சம் மோனசைட்டும் உண்டு. மோனசைட்டில் கதிர்வீச்சை வெளிவிடும் தோரியம் இருக்கிறது. திருகோணமலைக்காரர் ஒருவருக்கு, கதிர்வீச்சு பட்டால் நோய்க்கிருமிகள் இன்னும் வீரியமாகிவிடுமோ என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

முதலில் அளவு. இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட். இதைச் சோதிக்கும் ஆய்வுகூடங்களில் எலிக்குச் சில நிமிடங்களில் கொடுப்பது பல கிரே (உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு), அதாவது அந்த ஆண்டுச் சராசரியைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த எலிக்கு நடப்பதை மணலில் நடப்பவருக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சரி, எலிக்கு என்ன நடக்கிறது? நோயை எதிர்க்கும் நிணநீர்க் கலங்கள் சில மணி நேரத்திலேயே மடியத் தொடங்கும். எலும்பு மச்சை புதிய வெண்குருதிக் கலங்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். கிருமிகளை விழுங்கும் நியூட்ரோபில்களுக்கு ஆயுள் குறைவு, அதனால் சில நாட்களில் அவையும் தீர்ந்துவிடும். அதே வேளையில் குடற்சுவரைப் புதுப்பிக்கும் தண்டுக்கலங்களும் அடிபடுவதால் சுவர் மெலிந்துபோகும். அதுவரை குடலுக்குள் சாதுவாக இருந்த பக்டீரியாக்கள் குருதிக்குள் நுழையும். தடுக்க ஆளில்லை.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சி. பி. மில்லர் குழுவினர் 1950இல் இத்தகைய எலிகளின் குருதியில் குடற்பக்டீரியாக்களைக் கண்டார்கள். பக்டீரியாக்களைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கொடுத்தபோது கூடுதலான எலிகள் பிழைத்தன. பிறந்தது முதலே கிருமியில்லாமல் வளர்த்த எலிகள் கதிர்வீச்சை இன்னும் நன்றாகத் தாங்குகின்றன. எலிகளின் சாவில் கிருமிகளுக்குப் பங்குண்டு என்பதற்கு எனக்கு இதுவே மிக வலுவான சான்று.

பக்டீரியாவுக்கோ அந்த அளவு பெரிதில்லை. ஈ.கோலை என்ற குடற்பக்டீரியாவின் டி.என்.ஏ. சுமார் 46 இலட்சம் கார இணைகள்தான், எலிக்கு 250 கோடிக்கும் மேல். இலக்கு சிறிதென்றால் அடியும் குறைவு. குடிதண்ணீரில் இருக்கும் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா நல்ல எலியை ஒன்றும் செய்யாது, கதிர்வீச்சு பட்ட எலியை எதிர்பார்த்ததற்கு முன்பே கொன்றுவிடும். கிருமி அதேதான், மாறியது எலியின் உடம்பு. அதனால்தான் ஆய்வுகூடங்களில் அந்த எலிகளுக்கு அமிலம் சேர்த்த தண்ணீர் வைக்கிறார்கள்.

உடம்பின் காவலைத் திருப்பிக் கொடுத்தால்? 1949இல் லியோன் ஜேக்கப்சன் என்ற மருத்துவர், எலியில் குருதிக் கலங்களை உண்டாக்கும் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார். சாகவேண்டிய எலிகள் பல பிழைத்தன. நியூட்ரோபில்களைப் பெருக்கும் பில்கிராஸ்டிம் மருந்தைக் கதிர்வீச்சு விபத்தில் சிக்கியவர்களுக்குக் கொடுக்க 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமான சோதனைகள் ரீசஸ் குரங்குகளில் நடந்தவை.