மாடித் தொட்டி வழுவழுப்பில் ஒரு கூட்டுக்குடித்தனம்

சித்திரை வெயிலில் வேலூர் வீடுகளின் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். குடிநீர் மாதிரிகளைச் சோதிப்பது என் தொழில். மருத்துவமனை அருகே லாட்ஜ் ஒன்றில், தொட்டியின் உட்சுவரில் படிந்திருந்த வழுவழுப்பைச் சுரண்டி எடுத்து வந்தேன். நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்ததும், பொய்க்கால் நீட்டி ஊர்ந்தன அமீபாக்கள். "போன வாரம்தான் பிளீச்சிங் பவுடர் போட்டோம் ஐயா" என்றார் மேலாளர். அவர் சொன்னது உண்மைதான்.

பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும் ஒற்றைச்செல் உயிர் அமீபா. ஆனால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவை விழுங்கினால் அது செரிப்பதில்லை. விழுங்கப்பட்ட குமிழிக்குள்ளேயே பெருகி, கடைசியில் அமீபாவை உடைத்துக்கொண்டு வெளியேறும். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களை நிமோனியாவில் சாய்த்தது இதுதான். அமீபாவுக்குள் அது வளர்வதை 1980இல் இங்கிலாந்தின் ஆய்வாளர் ரௌபாதம் காட்டினார்.

எல்லா உறவும் இப்படிக் கொலையில் முடிவதில்லை. 1966இல் குவாங் ஜியோன் என்ற ஆய்வாளர் வளர்த்த அமீபாக்களில் ஒரு பாக்டீரியா தொற்றியது. பெரும்பாலானவை மடிந்தன, பிழைத்தவற்றின் வழிவந்தவை, சில ஆண்டுகளில் அந்தப் பாக்டீரியா இல்லாமல் வாழ முடியாத நிலைக்கு வந்துவிட்டன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு இது வியப்புத்தான்.

நமக்குக் கவலை தருவது அமீபாவின் கூடு. சூழல் கெட்டால் சில அமீபாக்கள் தடித்த உறைக்குள் சுருண்டுகொள்ளும். உள்ளே இருக்கும் லெஜியோனெல்லாவும் தப்பிவிடும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினையும் கூட்டுக்குள் இருந்த லெஜியோனெல்லா தாங்கியதாக ஆய்வு உண்டு. குழாய் நீரில் நாம் எதிர்பார்ப்பதோ 0.2 மில்லிகிராம்.

ஆகவே பவுடர் மட்டும் போதாது. தொட்டியை வடித்து, சுவரைத் தேய்த்து வழுவழுப்பை அகற்றிய பிறகே குளோரின் போட வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். கீசரை 60 டிகிரியில் வையுங்கள். குளிக்கும்போது பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். லெஜியோனெல்லா தரும் நிமோனியாக் காய்ச்சல் பெரும்பாலும் நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதால் வருவது. நம் ஊர் லாட்ஜுகளில் தங்குவோரில் எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகள் பலர். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் குழாய் நீரில் கழுவவே கூடாது; அகாந்தமீபா என்ற அமீபா கண்ணின் கருவிழியையே புண்ணாக்கும்.

அந்த மேலாளர் மறுவாரமே ஆள் வைத்துத் தொட்டியைத் தேய்த்துவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. மூன்றாம் மாடி அறையின் ஷவர் தலையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே அதே வழுவழுப்பு.